வாசகர் கேள்வி – பதில்: வலுவிழந்த புயலும் சேர்வராயன் மழையும்

வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் கரையேறி, உள்மாவட்டங்களின் மேல் மெல்ல நகர்ந்து போன நாள்களில் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை வானத்தையும் மழையையும் பற்றியே இருந்தன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, புயல் வலுவிழந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் கதவுகூட ஆடவில்லை. ஆனாலும் சேலம் மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கையை விலக்கவில்லை. வலுவிழந்த பிறகு எதற்காக எச்சரிக்கை?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: புயலின் தரத்தைக் காற்றின் வேகத்தை மட்டும் வைத்தே நிர்ணயிக்கிறார்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், சுழலும் காற்றின் நிலையான வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 கி.மீ. வரை இருந்தால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யைத் தொட்ட பிறகுதான் அது புயல், அப்போதுதான் அதற்குப் பெயரும் சூட்டப்படும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் மழையின் அளவு கணக்கில் வருவதில்லை. எனவே 'வலுவிழந்தது' என்ற அறிவிப்புக்குக் காற்றின் வேகம் குறைந்தது என்று மட்டுமே பொருள்.

கரையேறிய சுழற்சிக்குக் கடலின் வெப்பம் கிடைப்பது நின்றுபோகிறது. மரங்களும் மலைகளும் கட்டடங்களும் உராய்ந்து காற்றைத் தடுக்கின்றன. அதனால் காற்று விரைவில் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் சுழற்சி தன்னோடு கொண்டுவந்த ஈரம் அப்படியே வானில் இருக்கிறது. சுழற்சி முற்றிலும் சிதையாத வரையில் கடற்பக்கத்திலிருந்து மேலும் ஈரத்தை இழுத்துக்கொண்டும் இருக்கிறது. இந்த நிலையில் மழையைத் தீர்மானிப்பது சுழற்சி எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதும், வழியில் எந்த மலை குறுக்கே நிற்கிறது என்பதும்தான்.

2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலை நம் பகுதியினர் யாரும் மறந்திருக்க முடியாது. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே அது கரையைக் கடந்தபோது, பெயர்பெற்ற பெரிய புயல்களோடு ஒப்பிட்டால் அதன் காற்று சாதாரணமானதே. ஆனால் கரையேறியதும் அங்கேயே நெடுநேரம் நகராமல் நின்றது. பிறகு தாழ்வு மண்டலமாகத் தேய்ந்து, மெதுவாக மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில், புயல் என்ற பெயரையே இழந்துவிட்ட ஒரு சுழற்சி பெய்வித்த மழை அது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போயின. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஆகவே, கடலோரத்தில் இருப்பவர்கள் காற்றை அஞ்ச வேண்டும். நம்மைப் போல மலையடிவாரத்தில் இருப்பவர்கள், காற்று ஓய்ந்த பிறகு வரும் மழையைத்தான் அஞ்ச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜன்னல் ஆடவில்லை என்பதை வைத்துத் தயவுசெய்து எச்சரிக்கையை எடைபோடாதீர்கள்.

கேள்வி: கைப்பேசி இல்லாமல், மொட்டை மாடியில் நின்றபடியே புயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?
— கல்லூரி மாணவி, கன்னங்குறிச்சி

பதில்: முடியும். பூமியின் வடபாதியில் தாழ்வழுத்தச் சுழற்சிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. எனவே காற்று உங்கள் முதுகில் படும்படி திரும்பி நின்றால், தாழ்வு மையம் உங்கள் இடக்கைப் பக்கத்தில், சற்றே முன்புறமாக இருக்கும். டச்சு நாட்டு அறிஞர் பைஸ் பல்லோ 1857இல் வெளியிட்ட இந்த விதியைத்தான் மாலுமிகள் நெடுங்காலம் நம்பிக் கப்பல் செலுத்தினார்கள்.

ஆனால் சேலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் நகரைச் சூழ்ந்து நிற்பதால், தரைமட்டத்தில் வீசும் காற்று மலையிடுக்குகளின் வழியே திசைமாறித்தான் உங்கள் மாடிக்கு வந்து சேரும். கொடியில் காயும் துணி ஆடும் திசையை நம்ப வேண்டாம். தாழ்வாக ஓடும் கிழிசல் மேகங்களைப் பாருங்கள். ஒரு தென்னை மட்டையையோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அசையாமல் நின்று, மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து அதைக் கடக்கிறது என்று ஒரு நிமிடம் கவனித்தால் போதும்.

புயல் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ அப்பால் கடலில் இருக்கும்போது நமக்கு வடக்கிலிருந்து வாடைக்காற்று வரும். அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் பாதை வெளிப்படும். மேகம் வரும் திசை வடமேற்காகி, மேற்காகி, கடைசியில் தென்மேற்காக மாறினால், மையம் நமக்கு வடக்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போகிறது என்று பொருள். ஃபெஞ்சல் அந்தப் பாதையில்தான் போனது. மாறாக வடகிழக்காகி, கிழக்காகி, தென்கிழக்காக மாறினால், மையம் நமக்குத் தெற்கே திருச்சி, திண்டுக்கல் பக்கமாகப் போகிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா அப்படித் தெற்கே கடந்துபோன புயல். திசை மாறாமல் வாடையே நீடித்து, மேகமும் கலையாமல் இருந்தால், சுழற்சி கிழக்கே தயங்கி நிற்கிறது என்று கொள்ளலாம். நீண்ட நேர மழைக்குத் தயாராக வேண்டிய நிலை அதுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திசையைக் குறித்துவைத்தால், ஒரே நாளில் இந்த மாற்றம் உங்களுக்குத் தெளிவாகப் புலப்படும்.

கேள்வி: என் கைப்பேசியில் காற்றழுத்தம் காட்டும் செயலி இருக்கிறது. பிற்பகலில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பிறகு தானாக ஏறிவிட்டது. கருவி தவறா?
— தாரமங்கலம் வாசகர்

பதில்: கருவியில் தவறில்லை. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி அளவில் உச்சம். பிற்பகல் நான்கு மணி, விடியற்காலை நான்கு மணி அளவில் தாழ்வு. வானம் நிர்மலமாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். அதனால் இன்று காலை பத்து மணி அளவை நேற்றுக் காலை பத்து மணி அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரே இடத்திலிருந்து பார்ப்பதும் முக்கியம். எட்டு ஒன்பது மீட்டர் உயரம் ஏறினாலே ஒரு மில்லிபார் குறைந்துவிடும் என்பதால், மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் புயல் நெருங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: இரவு முழுவதும் ஏற்காட்டில் அடைமழை. கீழே சேலத்தில் இருக்கும் என் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னால், 'இங்கே வெறும் தூறல்தான் அக்கா' என்கிறாள். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குள் இத்தனை வேறுபாடு ஏன்?
— காபித் தோட்டத்துக் குடும்பத் தலைவி, ஏற்காடு

பதில்: சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீங்கள் இருப்பது 1,500 மீட்டர் உயரத்தில். சுழற்சி கொண்டுவரும் ஈரக்காற்று உங்கள் மலைமேல் மோதும்போது, 1,200 மீட்டருக்கும் மேல் எழும்பியாக வேண்டும். எழும்பும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்பு தாங்கிய அளவு நீராவியைத் தாங்க முடிவதில்லை. எஞ்சியது மேகமாகி மழையாக விழுகிறது. மலையைத் தாண்டிய காற்றோ கீழிறங்கும்போது மீண்டும் சூடேறி, மேகத்தைக் கரைத்துவிடுகிறது. வாடையும் வடகிழக்குக் காற்றும் வீசும் வேளையில், சேர்வராயனின் வடக்கு, கிழக்குச் சரிவுகள் மழையை வாங்கிக்கொள்ள, தென்புற அடிவாரத்தில் இருக்கும் சேலம் மலையின் மழைமறைவில் அகப்பட்டுக்கொள்கிறது. உங்கள் தங்கை சொன்னது அந்த நேரத்துக்கு முற்றிலும் உண்மை.

ஆனால் அந்த நிலை நெடுநேரம் நீடிக்கும் என்று அவர் நம்பிவிட வேண்டாம். மையம் வடக்கே போய்க் காற்று மேற்கு, தென்மேற்குக்குத் திரும்பினால், சேலத்தைப் பார்த்த சரிவு காற்றை நேராக எதிர்கொள்ளும் சரிவாகிவிடும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதை அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அதுவரை ஊறியிருந்த மண்ணின் மேல் அந்தக் கட்டத்தில் பெய்யும் மழைதான் பாறைகளையும் மரங்களையும் பெயர்க்கிறது.

மலைக்கு மேலே இருப்பவர்களைவிட, கீழே இருப்பவர்களுக்கு இந்த நாள்களில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஏற்காடு மலைப்பாதையை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தி மேகத்தின் அடிமட்டத்தை அளக்கலாம். காலையில் மலைமுகட்டை மட்டும் மூடியிருக்கும் மேகம், ஈரம் கூடக்கூடக் கீழே இறங்கி, பாதிச் சரிவை மறைக்கும். பிறகு அடிவாரத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். தரையில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கும்) இடையே உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் மேகத்தின் அடிமட்டம் ஏறத்தாழ 125 மீட்டர் உயரும். பாதி மலை மறைந்திருந்தால், அந்த வேறுபாடு ஐந்து டிகிரியாகச் சுருங்கிவிட்டது. மலை முழுவதும் மறைந்துபோனால், சேலத்தின் காற்றே ஏறக்குறைய ஈரத்தால் நிறைந்துவிட்டது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கன்னங்குறிச்சி, கோரிமேடு பகுதிகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையில் பெய்த நீர் நகருக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். திருமணிமுத்தாறு சேர்வராயனில் தோன்றிச் சேலத்தின் நடுவே ஓடுவதால், நகரில் மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில்கூட ஆற்றில் நீர் ஏறலாம். ஆகவே, 'மேலே நல்ல மழை' என்று நீங்கள் தங்கைக்குச் சொல்லும் அந்தத் தொலைபேசிச் செய்தி, ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கு மிகப் பயனுள்ள முன்னறிவிப்பு, தொடர்ந்து சொல்லுங்கள். உங்கள் தோட்டத்துக்குள் ஓடும் ஓடைநீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, இதுவரை கசியாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ, சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்திருப்பதாகத் தோன்றினாலோ, மழை நிற்கட்டும் என்று காத்திராமல் அந்தச் சரிவின் கீழிருந்து விலகிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஜவ்வரிசி ஆலை நடத்துகிறோம். களத்தில் காயப்போடலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காகச் செயற்கைக்கோள் படத்தையும் ராடார் படத்தையும் பார்க்கிறோம். படத்தில் வெள்ளையாக இருக்கும்போது ஒரு சொட்டும் விழுவதில்லை. ராடாரில் ஒன்றுமே இல்லாதபோது களம் நனைந்துவிடுகிறது. எதை நம்புவது?
— ஆத்தூர் வாசகர்

பதில்: இரண்டு படங்களும் பொய் சொல்வதில்லை; நாம் எதிர்பார்ப்பதை அவை காட்டுவதில்லை, அவ்வளவுதான். செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வெகு உயரத்தில், பனித்துகள்களாலான மெல்லிய கீற்று மேகமும் குளிர்ந்ததே. ஆதலால் அதுவும் படத்தில் வெளேரென்று தெரியும். புயலின் உச்சியிலிருந்து வெளியே விசிறப்படும் இத்தகைய மேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி நிற்கும். அதிலிருந்து மழை வராது. மேலடுக்குக் காற்று வலுவாக இருந்தால், வலுக்குறைந்த புயலின் மேகக்கூட்டம் முழுவதையுமே மையத்திலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதும் உண்டு.

ராடாரின் குறை வேறு வகையானது. நம் பகுதியை நாம் பெரும்பாலும் காரைக்கால், சென்னை ராடார்கள் வழியாகவே பார்க்கிறோம். அவற்றின் கதிர் சற்றே மேல்நோக்கிச் செல்வதாலும், பூமி வளைந்திருப்பதாலும், காரைக்காலிலிருந்து சேலத்துக்கு 200 கி.மீ. கடந்து வரும்போது கதிர் தரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. சென்னையிலிருந்து 280 கி.மீ. வரும்போது ஏறத்தாழ ஏழு கிலோமீட்டருக்கு ஏறிவிடுகிறது. கோடை மாலையில் இடியோடு எழும் மேகம் அதற்கும் மேலே உயர்வதால் ராடாரில் சிக்கிவிடும். தாழ்வு மண்டலத்தின் மந்தார மேகமோ பல நேரங்களில் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. கதிரின் கீழேயே தவழ்ந்து சோனைமழையாகப் பெய்து தீர்த்துவிடுகிறது.

எனவே உங்கள் களத்துக்கு நான் பரிந்துரைப்பது, கல்வராயன் மலையையும் மேலே ஓடும் தாழ்ந்த மேகங்களையும் பார்ப்பதைத்தான். மலை முகடு தெளிவாகத் தெரிந்து, தாழ்மேகங்கள் சிதறி, அவற்றின் இடைவெளியில் தெரியும் உயர்மேகமும் மெலிந்துகொண்டே போனால் காயப்போடலாம். நடுவே நீலம் தெரிந்தாலும், தாழ்மேகங்கள் தென்கிழக்கிலிருந்து விரைந்து ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுத்திருங்கள். சுழற்சி மேற்கே போனபின் அதன் பின்னால் இழுபட்டு வரும் ஈரக்காற்று அது.

கேள்வி: 'அகல வட்டம் பகல் மழை' என்று எங்கள் பாட்டி சொல்வார். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வரும் என்பது உண்மையா?
— விவசாயி, ஓமலூர்

பதில்: பாட்டி சொன்னதில் நல்ல கவனிப்பு இருக்கிறது. நிலாவைச் சுற்றி இரண்டு வகை வட்டங்கள் தோன்றும். நிலாவை ஒட்டிச் சிறிதாக, ஓரம் செம்பழுப்பாகத் தெரிவது நீர்த்துளிகளால் உண்டாவது. நிலாவிலிருந்து வெகுவாக விலகிப் பெரிதாக நிற்பது, உயரத்திலுள்ள மேகத்தின் பனித்துகள்களில் ஒளி விலகுவதால் உண்டாவது. அதன் ஆரம் எப்போதும் 22 பாகையே. கையை நன்றாக நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வைத்தால், சுண்டுவிரல் நுனி ஏறத்தாழ வட்டத்தைத் தொடும். புயல் இன்னும் கடலில் இருக்கும்போதே அதன் உயர்மேகம் நம் வானத்தை எட்டிவிடுவதால், மழைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பு அகல வட்டம் தெரிவது இயல்பு. தொலைவில் பெய்து ஓய்ந்த இடிமழையின் எஞ்சிய மேகமும் இதே வட்டத்தைக் காட்டும் என்பதால், வட்டத்தை மட்டும் நம்பி விதைக்க இறங்க வேண்டாம். வட்டம் தெரிந்த மறுநாள் காலை, கிழக்கிலிருந்து மேகம் படிப்படியாகத் தடித்து, வெயிலின் நிழல் மங்கி மறைந்து, வாடையும் சேர்ந்தால், பழமொழி பலிக்கும் என்று நம்பலாம்.

கேள்வி: புயலின் கண் சேலத்தின் மேல் கடந்தால் எப்படி இருக்கும்?
— எட்டாம் வகுப்பு மாணவன், மேட்டூர்

பதில்: கண் என்பது மிக வலுவான புயல்களுக்கு மட்டுமே தெளிவாக அமையும், தம்பி. வலுக்குறைந்த புயலுக்குப் பெரும்பாலும் கண் இராது. அதுவும் சேலம் வரை வருவதற்குள் அதன் மையம் பரந்து தளர்ந்துவிடும். மையம் தலைக்கு மேலே இருக்கும்போது காற்று ஏறக்குறைய நின்றுவிடும், மழை விடும், சில நேரம் வெயில்கூட வரும். பிறகு காற்று முன்பு வீசியதற்கு எதிர்த்திசையிலிருந்து கிளம்பும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்களைக் கொண்டு மழையை அளந்து பதிவுசெய்ய விரும்புகிறோம். செலவில்லாத வழி உண்டா? செய்தியில் சொல்லும் 'கனமழை'யோடு எங்கள் அளவை ஒப்பிட முடியுமா?
— ஆசிரியை, வாழப்பாடி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும் நம் மாவட்டத்தில் ஓர் ஊரின் அளவு அடுத்த ஊருக்குப் பொருந்தாது. எனவே ஒவ்வொரு பள்ளியின் பதிவும் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான பாத்திரம் ஒன்று போதும். அதில் தேங்கிய நீரின் ஆழத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்தால் அதுவே மழையளவு. வீட்டு வாளி கீழே குறுகுவதால் அதில் ஆழத்தை அளந்தால் கணக்குத் தவறும். வாளிதான் இருக்கிறது என்றால், நீரின் கனஅளவை எடுத்து வாயின் பரப்பால் வகுக்கச் சொல்லுங்கள். வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; ஆகவே 314 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் மழை. மாணவர்களுக்குக் கணிதப் பாடமும் அதிலேயே அடங்கிவிடும். பாத்திரத்தைத் திறந்த வெளியில், அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் வைக்க வேண்டும். தரையிலிருந்து தெறிக்கும் நீர் உள்ளே விழாதபடி, வாய் ஓரடி உயரத்தில் இருக்கட்டும். அளக்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; நின்றபடி குனிந்து பார்த்தால் அளவு மாறும்.

நேரம் முக்கியம். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அளந்த தேதியிலேயே பதிவுசெய்ய வேண்டும். நீங்களும் அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. பெரியவர்கள் 'ஓர் உழவு மழை' என்று சொல்லும் நாளில் உங்கள் பாத்திரம் என்ன காட்டுகிறது என்பதையும் மாணவர்கள் பக்கத்திலேயே குறித்துவைக்கட்டும். மழையே இல்லாத நாளுக்கும் தவறாமல் பூஜ்ஜியம் எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்பது பின்னர் யாருக்கும் தெரியாது. விடுமுறை நாள்களில் பள்ளிக்கு அருகில் வசிக்கும் ஒரு மாணவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் பதிவேட்டின் நகலை எங்களுக்கு அனுப்பினால், ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் பதிவோடு சேர்த்து இந்தப் பகுதியில் வெளியிடுகிறோம்.